மேனேஜர் முதல் அடியிலேயே விழுந்தார்

தராசு கம்பெனியில் சேர்ந்த முதல் மாதம் புதுசுக்கு யாரும் எந்த வேலையும் கொடுக்கவில்லை. புதுசு என்பது அவன் பெயரில்லை. சேர்ந்த அன்று வாட்ச்மேன் உள்பக்கம் பார்த்து, "சார், புதுசு வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். புது ஃபேன்தான் வந்துவிட்டது என்று இரண்டு பேர் ஏணியோடு ஓடிவந்தார்கள். ஏணி திரும்பிப் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைச் சோதித்து, ரிப்பேர் பார்த்து, சீல் வைத்துக் கொடுப்பது அந்தக் கம்பெனியின் தொழில். நடு மேசையில் ஒரு வெல்வெட் பெட்டி இருக்கும். அதற்குள் பித்தளை எடைக்கற்கள் பெரிசிலிருந்து சிறிசு வரை வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றைக் கையால் தொடக்கூடாது. விரல் பிசுக்கு ஒட்டினால்கூட எடை கூடிவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பார்கள். புதுசை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவனையும் யாரும் தொடவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் கண் மட்டும் ஓவர்டைம் பார்க்கும். அந்த ஆபீஸ் எப்படி ஓடுகிறது என்பதை அவன் கவனித்தான். காலையில் எல்லாருக்கும் முன்னால் வருபவர் டிரைவர். வண்டியைத் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, கடைகளுக்குக் கிளம்பத் துடித்துக்கொண்டு நிற்பார். அப்புறம் மேனேஜர் வருவார். சீட்டில் உட்கார்ந்து, மேசை மேலிருக்கும் பித்தளை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். அத்தோடு அவருடைய வேலை முடிந்தது. ஆனால் அந்த மணி அடித்ததும் ஆபீஸ் தலைகீழாகிவிடும். கேஷியர் அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிக்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் அண்ணன் சாவிக் கொத்தில் சரியான சாவியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இதெல்லாம் நடந்த பிறகுதான் டிரைவர் கிளம்பலாம். சுருக்கமாகச் சொன்னால், மணி அடித்துவிட்டால் யார் மெதுவோ அவர்தான் முதலில்.

வேறொருவனாக இருந்தால் இதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பான். புதுசு வாயைப் பிளந்தான். ஏனென்றால் அவன் வருஷக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த அணி இதுதான்.

அவன் போனில் ஆடுவது ஒரு பூதச்சண்டை விளையாட்டு. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஆறு பூதங்கள் கொண்ட அணியைப் பதிவு செய்ய வேண்டும். ஆட்டம் தொடங்கும்முன் இருவருக்கும் அடுத்தவருடைய ஆறும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, எதிராளிக்குத் தெரியாமல் தன் ஆறில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு இரண்டு பூதங்கள் நிற்கும். வேகமானது முதலில் அடிக்கும். நான்கும் விழுந்தால் தோல்வி. ஊரில் எல்லாரும் வேகமான பூதங்களாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருக்க, புதுசு அவனுடைய ஆபீசையே அணியாகக் கட்டினான்.

கழுத்தில் மணி கட்டிய தொந்தி ஆந்தை ஒன்று இருந்தது. உடம்பில் வலுவில்லை, ஓரடிக்குத் தாங்காது. ஆனால் அதன் தலைகீழ் மணியை அடித்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்கு மெதுவான பூதம்தான் முதலில் அடிக்கும். அதற்கு அவன் வைத்த பெயர் மேனேஜர். மெதுவாக வந்து, யோசித்து, ஒரே அடியில் ஆளைக் கவிழ்க்கும் இரும்பு ஆமைக்குக் கேஷியர். நின்றபடியே தூங்கி, அடி வாங்கினால் விழித்து இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கும் பாறைக்கு வாட்ச்மேன். டடடடவென்று கொத்திக்கொண்டே இருக்கும் மரங்கொத்திக்கு டைப்பிஸ்ட். கண்மூடித் திறப்பதற்குள் பாய்கிற, தொட்டால் சுருண்டு விழுகிற நரிக்கு டிரைவர். கடைசியாக, எதிராளியின் பூதங்கள் கையில் வைத்திருக்கும் தாயத்து, கவசக்கல் எல்லாவற்றையும் செல்லாமல் பூட்டிவைக்கும் ஒரு நண்டு. அதற்கு யார் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

நண்டை அவன் களத்தில் இறக்கியதே கிடையாது. அது ஆறில் ஒன்றாக நின்றாலே போதும், எதிராளி பயந்து நல்ல தாயத்துகளை நம்பும் பூதங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவான். அதாவது நண்டின் வேலை பட்டியலில் நின்று முறைப்பது.

இந்த அணியோடு ஒரு போட்டியில் சேர்ந்து, வீட்டிலிருந்தபடியே ஆடி, ஒவ்வொருவராகக் கவிழ்த்து, புதுசு இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டான். இறுதிப் போட்டி மட்டும் ஒரு பெரிய ஷாப்பிங் வளாகத்தின் அரங்கில், பெரிய திரையில், வர்ணனையோடு. அதற்குச் சனிக்கிழமை லீவு வேண்டும்.

லீவு கேட்பதை அவன் இரண்டு நாள் தள்ளிப்போட்டான். திங்கட்கிழமையோடு அவனுடைய தற்காலிகக் காலம் முடிகிறது. அன்றைக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. இதற்கு முன் அவன் பார்த்த வேலைகள் எல்லாமே இந்த இடத்தில்தான் முறிந்திருந்தன. "நல்ல பையன்தான், ஆனா..." என்று ஒவ்வொரு முதலாளியும் தொடங்கிய வாக்கியத்தை அவனே முடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். அதனால் இந்தத் தடவை அம்மா உறவுக்காரர்கள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. சித்தி போனில் கேட்டபோதுகூட, "இருக்கான், இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். கையெழுத்து விழட்டும், அப்புறம் சொல்லிக்கலாம் என்பது அவளுடைய கணக்கு.

போட்டி என்றதும் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன போட்டி, எத்தனை பேர், எங்கே என்று விசாரித்தார். இறுதிச் சுற்று என்று கேட்டதும் மணியைத் தட்டினார். எல்லாரும் வந்தார்கள், மெதுவானவர்கள் முதலில்.

"சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தான். எல்லாரும் போறோம். நம்ம பையன் ஆடுறான், நாம போகலேன்னா எப்படி?"

புதுசின் முகத்தில் ஈயாடவில்லை. வெயில் அதிகம், கூட்டம் அதிகம், பார்க்கிங் கிடைக்காது, அந்த விளையாட்டு பார்க்கிறவர்களுக்குத் தலைவலி தரும் என்று அவன் எடுத்துச் சொன்னதெல்லாம் தன்னடக்கமாகப் போய்ச் சேர்ந்தது. கூச்சப்படுறான் பாவம் என்றார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெயர்களை மாற்றப் பார்த்தான். அணி பதிவாகிவிட்டது, இனி ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றது விளையாட்டு. நடத்துபவர்களுக்குப் போன் போட்டான். எடுத்தவர் பெயர்களில் கெட்ட வார்த்தை எதுவும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, பதவிகள்தான் என்றான். அப்புறமென்ன, கௌரவமாகத்தானே இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அரங்கில் முதல் வரிசை முழுக்கத் தராசு கம்பெனி. நடுவில் மேனேஜர், இஸ்திரி போட்ட சட்டையில். பக்கத்தில் கேஷியர் அக்கா, மடியில் பிஸ்கட் டப்பாவோடு. டிரைவர், டைப்பிஸ்ட், வாட்ச்மேன். வரிசைக் கடைசியில் ஸ்டோர் கீப்பர், இடுப்பில் சாவிக் கொத்தோடு. ஸ்டோரைப் பூட்டிவிட்டுச் சாவியை வீட்டில் வைத்துவிட்டு வரும் ரகமில்லை அவர்.

எதிராளி ஒரு பல் டாக்டர். அலட்டிக்கொள்ளாத பெண்மணி. வந்து உட்கார்ந்து, கையைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு, புதுசைப் பார்த்துச் சிரித்தார். வலிக்காது என்று சொல்வதற்கு முன்னால் சிரிக்கும் சிரிப்பு.

திரையில் இரண்டு அணிகளும் தோன்றின. ஆந்தை, கீழே கொட்டை எழுத்தில்: மேனேஜர். முதல் வரிசையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. ஆமை: கேஷியர். நண்டு: ஸ்டோர் கீப்பர். புதுசு திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே ஆறு ஜோடிக் கண்கள் முதுகில் ஊர்வது தெரிந்தது.

வர்ணனையாளர் ஒரு துள்ளல் பேர்வழி. மைக்கைப் பிடித்தால் அவருக்கு உலகம் மறந்துவிடும். "மேனேஜர் களத்துல இறங்கிட்டாரு. மணி அடிக்கிறாரு, அடிச்சாச்சு. இனிமே அவருக்கு வேலை இல்ல. இதோ, ஒரே அடி. மேனேஜர் காலி."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. புதுசுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஆனால் கை அதுபாட்டுக்கு வேலையைப் பார்த்தது. மேனேஜர் விழுந்த இடத்தில் வாட்ச்மேன் இறங்கினார். அவர் அடி வாங்கி விழித்து இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார். கேஷியர் நிதானமாக ஒவ்வொருவரையாகக் கவிழ்த்தார். டாக்டரின் வேகப் பூதங்கள் வரிசையில் கடைசியாக நின்று, முறை வருவதற்குள் செத்துப் போயின. அந்த அனுபவம் டிரைவருக்குப் பழக்கமானதுதான். முதல் வரிசையில் அவர் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டம் புதுசுக்கு.

இரண்டாவது ஆட்டத்திலும் டைப்பிஸ்டோடு சேர்த்து அதே நால்வர். மேனேஜர் வந்தார், மணி அடித்தார், விழுந்தார். "இவரு வர்றதும் தெரியல, போறதும் தெரியல" என்றார் வர்ணனையாளர். ஆனால் இந்தத் தடவை டாக்டர் விவரமாக இருந்தார். அவரும் தன் ஆறிலிருந்த மந்தப் பூதங்களை முன்னால் இறக்கினார். புதுசு அடித்த மணிக்கு அவருடைய பூதங்கள் ஹாயாக முதலில் அடித்தன. போதாததற்கு ஒவ்வொன்றின் கையிலும் ஒரு கவசக்கல். கேஷியரின் அடியைக் கல் தாங்கிக்கொண்டது. நண்டு எந்த ஆட்டத்திலும் இறங்குவதில்லை என்பதை அவர் பழைய ஆட்டங்களைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். முறைப்பு செல்லுபடியாகவில்லை.

ஆளுக்கு ஒன்று. மூன்றாவது ஆட்டத்துக்கு முன் சின்ன இடைவேளை.

புதுசு தண்ணீர் குடிக்க ஓரமாக ஒதுங்கினான். பின்னாலேயே கேஷியர் அக்கா வந்து ஒரு பிஸ்கட்டை நீட்டினாள்.

"ஆமையாடா நான்?"

"அக்கா, அதுதான் டீம்லயே பெரிய அடி."

"அது தெரியுது. பாத்தேன்." அவளுக்குத் திருப்திதான். குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜர் மூஞ்சியப் பாத்தியா? எடைக்கல்லு மாதிரி வச்சிருக்காரு. 'நான் ஏன் ஆந்தை'ன்னு மட்டும் ஒரு தடவை கேட்டாரு. நான் ஆந்தை அறிவாளின்னு சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கிழமைய ஞாபகம் வச்சுக்கிட்டு ஆடு."

அவள் நகர்ந்ததும் சாவிச் சத்தம் கேட்டது. ஸ்டோர் கீப்பர் அண்ணன். அவர் எதையும் மூன்று தரம் யோசித்துத்தான் எடுத்துக் கொடுப்பார், பேச்சையும் அப்படித்தான்.

"நண்டு நல்லாத்தான் இருக்கு தம்பி."

"சாரி அண்ணே."

"அதுக்கில்ல. மேனேஜர் ரெண்டு தடவை செத்தாரு. பரவால்ல, ஆளு இறங்கினாரு. நான் இங்க உக்காந்து ரெண்டு ஆட்டமும் நம்மள எப்ப கூப்பிடுவான்னு பாத்துட்டே இருந்தேன்." அவர் சாவிக் கொத்தைத் தடவினார். "ஆபீஸ்லயும் அதே கதைதான். எங்க போனாலும் கூட்டிட்டுப் போவாங்க. எதுக்கும் கூப்பிட மாட்டாங்க."

புதுசு வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. இது அரங்கத்து மணி.

திரும்பிப் போய் உட்கார்ந்தான். நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிஷம்தான். அவன் மூளை ஆபீஸ் டிரைவர் மாதிரி எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. டாக்டர் என்ன கொண்டுவருவார்? இரண்டு ஆட்டத்திலும் மேனேஜர் மணி அடித்ததைப் பார்த்துவிட்டார். மூன்றாவதிலும் அடிப்பார் என்றுதான் நினைப்பார். அதனால் மந்தப் பூதங்கள்தான் வரும், கவசக்கல்லோடு. அப்படியானால் மணியே அடிக்கக்கூடாது. டிரைவர் முதலில் பாய வேண்டும், டைப்பிஸ்ட் கொத்த வேண்டும், கல்லைப் பூட்ட நண்டு இறங்க வேண்டும். கடைசி அடிக்குக் கேஷியர். மேனேஜர் பெஞ்சில்.

கணக்கில் ஓட்டை இல்லை. ஓட்டை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

இரண்டு தடவை ஊர் பார்க்கச் சாகடித்த மனிதரை, மூன்றாவது தடவை வேண்டவே வேண்டாம் என்று உட்கார வைப்பதா? அதுவும் ஸ்டோர் கீப்பரை எடுத்துக்கொண்டு? திங்கட்கிழமை மேசை மேல் அவனுடைய காகிதம் இருக்கும், பக்கத்தில் பேனா இருக்கும், அதைப் பிடிக்கிற கை ஆந்தையின் கை. மேனேஜரை எடுத்தால் ஆட்டம் போகும். எடுக்காவிட்டால் வேலை போகும். வேலையைப் பல தடவை இழந்து பழக்கமிருந்தது. இறுதிப் போட்டியை இழந்து பழக்கமில்லை. அம்மா போனில் "இருக்கான், இருக்கான்" என்று சொல்லும் குரல் ஒரு கணம் காதில் கேட்டது. விரல் ஆந்தை மேல் போய் நின்றது.

வரிசைக் கடைசியில் சாவிக் கொத்து ஒருமுறை கிலுங்கி அடங்கியது. அவர் வேண்டுமென்று ஆட்டவில்லை, நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

புதுசு விரலை நகர்த்தி நண்டைத் தொட்டான்.

"என்ன இது?" என்றார் வர்ணனையாளர். "டிரைவரும் ஸ்டோர் கீப்பரும் வந்திருக்காங்க. மேனேஜரக் காணோம். லீவு போல."

டாக்டர் முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தினார். அவர் பக்கம் இரண்டு மந்தப் பூதங்கள், வராத மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. டிரைவர் பாய்ந்தார். நண்டு கொடுக்கை மடக்கியது, கவசக்கற்கள் எல்லாம் கல்லாகவே போயின. முதல் வரிசைக் கடைசியிலிருந்து, அந்தக் கம்பெனியில் யாரும் கேட்டிராத ஒரு விசில் வந்தது. எழுந்து நின்று அடித்தார் அண்ணன். டிரைவர் ஒரு அடியில் சுருண்டார், அதற்குள் வேலை முடிந்திருந்தது. டைப்பிஸ்ட் உள்ளே வந்து கொத்தோ கொத்தென்று கொத்தியது. டாக்டரின் கடைசிப் பூதத்தைக் கேஷியர் பொறுமையாகப் பார்த்து, பொறுமையாகக் கவிழ்த்தார்.

டாக்டர் எழுந்து கைகுலுக்கினார். மணிக்காகத்தான் மெதுவானதா மாத்தி எடுத்தேன், நல்லா ஏமாத்திட்டீங்க என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு புதுசு முதல் வரிசையைப் பார்த்தான். எல்லாரும் கை தட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். எடை சோதிப்பவர் மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோப்பையைத் துடைத்து, அலமாரியில் தெரிகிற மாதிரி வைப்பதா தெரியாத மாதிரி வைப்பதா என்று தீர்மானிக்க முடியாமல் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை மணி அடித்தது. புதுசு உள்ளே போனான். மேசை மேல் காகிதம் இருந்தது. பேனாவுக்கு மூடி போட்டிருந்தது.

"உக்காரு" என்றார் மேனேஜர். கொஞ்ச நேரம் மணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் செத்தது எனக்கு ஒண்ணுமில்ல. கம்பெனிக்காக யாராவது சாகத்தான் வேணும். மூணாவது ஆட்டத்துல நான் ஏன் இல்ல?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். வழியெல்லாம் இரண்டு மூன்று தயார் செய்துகொண்டும் வந்திருந்தான். ஆனால் அணியைப் பற்றிக் கேட்டால் அவனுக்குப் பொய் வராது. அது ஒரு வியாதி.

"நீங்க வந்திருந்தா தோத்திருப்போம் சார்."

பேனா அசையவில்லை.

"டாக்டர் உங்களுக்காகவே ஆளை மாத்தி எடுத்தாங்க. நீங்க மணி அடிப்பீங்கன்னு மெதுவானதையே கொண்டு வந்தாங்க. நீங்க வரல. மாட்டிக்கிட்டாங்க. நீங்க அந்த ஆறுல இல்லாம இருந்திருந்தா அவங்க அப்படி மாத்தியே இருக்க மாட்டாங்க சார். நான் ஜெயிச்சதே அதனாலதான்."

மேனேஜர் இதைத் தராசில் வைத்து வெகுநேரம் நிறுத்தார். முள் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்வது முகத்தில் தெரிந்தது.

"அதாவது, நான் லிஸ்ட்ல இருந்தாலே போதும்."

"ஆமா சார்."

"வரவேண்டிய அவசியமே இல்ல."

"அந்த ஆட்டத்துல இல்ல சார்" என்றான் புதுசு. முதல் இரண்டு சொல்லை மேனேஜர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

அம்மா அன்றைக்கே சித்திக்குப் போன் செய்தாள். சித்தி மற்றவர்களுக்குச் செய்தாள். சாயங்காலத்துக்குள் அவனுக்கு வேலை கிடைத்த செய்தி, அவனே மறந்துபோன உறவுகள் வரை போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. போன் மட்டும் வந்தது, கேஷியர் அக்காவுக்கு: என் பேர் போர்டுல இருக்குல்ல, அது இருக்கட்டும். எந்த நிமிஷமும் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஆபீஸ் கிடுகிடுவென்று ஓடியது. டிரைவர் வந்த கையோடு கிளம்பினார். ஸ்டோர் கீப்பர் அண்ணன் முதல் சாவியிலேயே கதவைத் திறந்தார், கடைகளுக்கும் கூடப் போக ஆரம்பித்தார். கேஷியர் அக்கா மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே துடைத்துக்கொண்டு வந்தாள்.

மேனேஜர் மேசை மேல் மணி மட்டும் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை தூசு தட்டும்போது புதுசுதான் அதை எடுத்து வைப்பான், இடுக்கியால்.